தூக்குத்தண்டனைக்குக் கொண்டுபோன லட்டு

ஒரு மனிதரைத் தூக்கில் போட்டதற்காக நான் லட்டு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரே வரியில் எழுதிப் பார்த்தால் நான் ஏதோ பெரிய கொடியவன் போலத் தெரிகிறது. உண்மையில் அவ்வளவு பெரிய ஆளெல்லாம் இல்லை. பால் வாங்கக் கடைக்கு அனுப்பினால் பாலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வருகிற சாதாரண ரகம்.

அப்போது நாங்கள் மொன்ட்ரியாலில், வில்லரே பகுதியில் மூன்றடுக்கு வீடொன்றின் நடு வீட்டில் இருந்தோம். தெருப்பக்கம் வளைந்து இறங்குகிற இரும்புப் படி. குளிர்காலத்தில் அதில் இறங்குவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். கீழ்வீட்டில் ஈராக்கிலிருந்து வந்த ஒரு குர்திஷ்காரரும் மனைவியும். ஊரில் கணக்கு வாத்தியார். இங்கே ஒரு பேக்கரியில் மா பிசைந்தார். நான் ஊரில் ஒன்றுமில்லை. இங்கே ஒரு மருத்துவமனைச் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். ஆக, பதவி இறங்கினவர் அவர் மட்டும்தான்.

எங்கள் இருவருக்கும் பொதுமொழி பிரெஞ்சு. அவருடைய பிரெஞ்சுக்கு ஒரு கால் நொண்டி, என்னுடையதற்கு இரண்டும். வார்த்தை வராத இடத்தில் கையால் நடித்துக் காட்டுவேன். என் நடிப்பைப் பார்த்து மனுசன் விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் அந்தச் சிரிப்புக்காகவே சில சொற்களைத் தெரிந்தும் தெரியாதது போல இருப்பேன்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் நீலப் பூப்போட்ட தட்டு ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது அவர்களுடைய தட்டு. அவர்களின் பெருநாளுக்கு இறைச்சிச் சோற்றோடு மேலே வரும். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று என் மனைவி அதில் வடையோ முறுக்கோ வைத்துக் கீழே அனுப்புவாள். அவர்கள் வீட்டிலும் அதே பழக்கமாம். அதனால் தட்டு ஓய்ந்ததே இல்லை. கீழே போய்விட்டுக் கிளம்பும்போது நான் வழக்கமாகச் சொல்லும் "போயிட்டு வாறன்" மனுசனுக்குப் பாடமாகியிருந்தது. சொல்ல மறந்தால் கதவைச் சாத்தமாட்டார். நான் சொன்னதும் "வாங்கோ" என்பார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். கல்லூரி வாசலில் வைத்து அந்நாளைய ஆட்சியாளரின் ஆட்கள் ஏற்றிக்கொண்டு போனார்களாம். ஏற்றிய வாகனம் பச்சை நிறம். அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த கடைசித் தகவல் அந்தப் பச்சைதான். அவர் சொல்லி முடித்ததும் என் மனைவி எழுந்துபோய்த் தேத்தண்ணி போட்டாள். யாரும் தேத்தண்ணி கேட்கவில்லை. அவளுடைய அண்ணாவையும் ஊரில் ஒருநாள் அப்படித்தான் கொண்டுபோனார்கள். நான் அப்போதாவது கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அந்த ஆட்சியாளர் பதவி போய், பிடிபட்டு, வழக்கு நடந்துகொண்டிருந்த காலம். வருடக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை எழும்பித் தொலைக்காட்சியைப் போட்டேன். தூக்கில் போட்டுவிட்டார்கள். கயிறு, முகம் மூடிய ஆட்கள், கறுப்பு மேற்சட்டையோடு அந்த மனிதர். அதையே திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். மனைவி வேலைக்குப் போய்விட்டாள். முதியோர் இல்லத்தில் சனி ஞாயிறு காலை முறை அவளுக்கு. தடுக்க ஆள் இல்லாத வீட்டில் எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது.

மொன்ட்ரியால்-நோரிலிருந்து சிநேகிதன்.

"மச்சான், பாத்தியோ? முடிச்சுப்போட்டாங்கள்."

"பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

"ஹஜ்ஜுப் பெருநாளடா இண்டைக்கு! பெருநாளண்டைக்குப் போய் ஆரும் இப்பிடிச் செய்வினமோ?"

"ஏன், நாங்கள் நரகாசுரனை முடிச்ச நாளில எண்ணெய் வச்சு முழுகிப் புது உடுப்புப் போட்டு ஆட்டிறைச்சி தின்னுறேல்லையோ?"

சிநேகிதன் சிரியோ சிரி என்று சிரித்தான். நானும் சிரித்தேன். நான் சொன்ன பகிடிகளில் எனக்கே பிடித்தவை குறைவு, இது பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்தது என்றால், தொலைபேசியை வைத்த பிறகு அதை நம்பவும் தொடங்கிவிட்டேன். அசுரன் செத்தால் பலகாரம். கீழ்வீட்டு மனுசனின் தம்பியைக் கொண்டுபோனவன் செத்துப்போனான். அப்படியென்றால் அவருக்கு இன்றைக்கு இரண்டு பெருநாள்.

குளித்தேன். வெளுத்த சேட் ஒன்று போட்டேன். மறுநாள் ஒரு பிறந்தநாள் வீட்டுக்கென்று மனைவி பிடித்து வைத்திருந்த லட்டுகளில் நல்ல உருண்டைகளாகப் பார்த்து அந்த நீலத் தட்டில் அடுக்கினேன். குளிர் அங்கியும் இல்லாமல் பனி உறைந்த படியில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் தட்டையும் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நடுவில் ஒரு தடவை சறுக்கியது. அப்போது விழுந்து கையை முறித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன்.

மனுசன் கதவைத் திறந்தார். தொழுகைக்குப் போய் வந்த கோட்டும் சூட்டும். உள்ளேயிருந்து ஏலக்காய் மணம். நான் தட்டை நீட்டி, "ஃபெலிசித்தாசியோன்!" என்றேன். பிரெஞ்சில் வாழ்த்து.

"மெர்சி, மெர்சி," என்று தட்டை வாங்கினார். பெருநாள் வாழ்த்து என்று நினைத்துவிட்டார். அந்த இடத்தில் திரும்பி மேலே ஏறியிருந்தால் இதை எழுதவேண்டி வந்திருக்காது. ஆனால் எனக்கு என் பகிடி வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "அதுக்கில்லை," என்று தலையாட்டினேன். விளக்கப் பிரெஞ்சு வரவில்லை. கழுத்தைச் சுற்றிக் கயிறு போட்டதுபோலக் கையால் காட்டி, மேலே இழுத்து, நாக்கை வெளியே தள்ளினேன்.

அவருடைய சிரிப்பு அணைந்தது. கோபம் வரவில்லை, வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். தட்டைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். நான் "போயிட்டு வாறன்" சொல்லவில்லை. அவர் அதற்காகக் காத்திருக்கவுமில்லை.

மேலே வந்து இருக்கமுடியவில்லை. கதிரையில் இருந்தேன், எழும்பினேன். குசினிக்குப் போனேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பினேன். எங்கள் வீட்டு நிலம் மெல்லிய பலகை; நான் நடக்கிற ஒவ்வொரு அடியும் கீழே கேட்கும் என்ற நினைப்பு வந்து குதிக்காலைத் தூக்கி நடந்தேன். நாக்கை வேறு நீட்டினேனே! அதைத்தான் மனம் திரும்பத் திரும்பக் காட்டியது, தொலைக்காட்சி கயிற்றைக் காட்டுவது போல. கீழே விருந்தாட்கள் வந்த சத்தம் கேட்டது. பிள்ளைகள் ஓடுகிற சத்தம். பிறகு அரபுச் செய்தி. பிறகு யாரோ அதை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டு வீட்டில் நிற்க முடியாமல் வெளியே கிளம்பினேன்.

கால் என்னைப் பார்க் எக்ஸ்டென்சனுக்குக் கொண்டுபோனது. அங்கேயுள்ள தமிழ்ப் பலசரக்குக் கடையில் சனிக்கிழமைகளில் மரக்கறியைவிடக் கதைதான் கூட விலைப்படும். அன்றைக்குக் கதை ஒன்றே ஒன்றுதான்.

"செய்த அநியாயத்துக்கு இது காணாது," என்றார் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர்.

"காணாதெண்டா இன்னொருக்கால் தூக்குவமோ?" என்றார் கடைக்கார அண்ணை. "பெருநாளண்டைக்குச் செய்தது பிழை. ஒரு நாள் பொறுத்திருக்கலாம்."

"அப்ப எந்த நாளில செய்தா உங்களுக்குச் சரி? தைப்பொங்கலோ?"

சென்னையிலிருந்து படிக்க வந்த பையன் ஒருவன் கறிவேப்பிலைக் கட்டோடு நின்றான். "எந்த நாள்லயும் செய்யக்கூடாதுங்க அண்ணா. தூக்கே தப்புன்றேன்."

"தம்பி, நீர் கறிவேப்பிலையை எடும். இது பெரிய ஆக்களின்ர கதை," என்று சொல்லிவிட்டுக் கடைக்கார அண்ணை என் பக்கம் திரும்பினார். "உங்கட கீழ்வீட்டு ஆள் ஈராக்தானே? என்னவாம்? ஆள் சந்தோசமோ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"லட்டுச் சாப்பிடுறார்," என்றேன்.

கடை சிரித்தது. பால் வாங்கவேண்டும் என்று ஞாபகம் வந்தது. வழமைபோல வாங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி வந்துவிட்டாள். லட்டுப் பாத்திரத்தின் மூடி திறந்து கிடந்தது.

"இஞ்சாருங்கோ, லட்டு எங்க?"

சொன்னேன். சிநேகிதனையும் நரகாசுரனையும் சொன்னேன். நாக்கைச் சொல்லாமல் விடப் பார்த்தேன். முப்பது வருடப் பழக்கம், அவள் என் முகத்தைப் பார்த்தே அதையும் எடுத்துவிட்டாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் லட்டுப் பாத்திரத்தை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திரும்பவும் திறந்து மூடினாள்.

"என்ர அண்ணாவைக் கொண்டுபோனவனை நாளைக்கு ஆரும் தூக்கில போட்டா, எனக்கும் லட்டுத் தருவீங்களோ?"

"இல்லையப்பா, நான் என்ன நினைச்சனெண்டா…"

"பிறகு நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது? எங்க வச்சிருக்கிறாய், எங்க புதைச்சனியெண்டு?"

அண்ணாவைப் பற்றி அவள் வாய் திறந்து வருடக்கணக்காகியிருந்தது. எனக்குச் சொல்ல ஒரு பகிடியும் வரவில்லை. வராதது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும்.

"எழும்புங்கோ, கீழ போவம்," என்றாள்.

"என்னத்தைக் கொண்டுபோறது?"

"ஒண்டும் வேண்டாம். செத்தவீட்டுக்கு ஆரும் பலகாரம் கொண்டுபோறதோ?"

"பெருநாள் வீடப்பா அது!"

அவள் குளிர் அங்கியை எடுத்து மாட்டினாள். பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிட்டது. படியில் அவள் முன்னால் இறங்கினாள். கதவு திறக்காமல் போனால் என்ன செய்வது என்று நான் பின்னால் யோசித்துக்கொண்டு வந்தேன். வேறு வீடு தேடலாம். நகருக்கு வெளியே, டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் முருகன் கோவிலுக்குப் பக்கத்தில் பார்க்கலாம். கார் இல்லை, ஆனால் கோவிலுக்குள்ளேயே இருந்துவிடலாம். எனக்கு அப்படி ஒரு இடம்தான் தேவை.

கதவு திறந்தது. அதே சூட், கழுத்துப்பட்டி மட்டும் இல்லை. உள்ளே வரச் சொன்னார். விருந்தாட்கள் போய்விட்டார்கள். மேசையில் நீலத் தட்டு வெறுமையாக இருந்தது.

"பிள்ளைகள் சாப்பிட்டார்கள். நல்லாயிருந்ததாம்," என்றார்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். மருத்துவமனையில் யாரையாவது இடித்தால் சொல்லுகிற பிரெஞ்சு மன்னிப்புத்தான் தெரியும். அதையே மூன்று முறை சொன்னேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். கையால் நடிக்க எனக்குத் துணிவில்லாததால் சும்மா இருந்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

அவர் மெதுவாக, சொல்லைத் தேடித் தேடிக் கதைத்தார். காலையில் ஊரிலிருந்து தாய் அழைத்தாராம். தெருவில் சிலர் வானத்தை நோக்கிச் சுட்டுக் கொண்டாடினார்களாம். தாய் சிரித்தாராம், பிறகு அழுதாராம், பிறகு ஒன்று கேட்டாராம்: இனி அவனைப் பற்றி யார் சொல்வார்கள்? அவன் என்று கேட்டது தம்பியை. அவர்கள் ஊர்க் கொலைகளின் வழக்கு இன்னும் முடியவில்லை. அதற்குள் இன்னொரு வழக்கில் தீர்த்துவிட்டார்கள். அந்தத் தாய் அந்த வருடம் ஆடு அறுக்க விடவில்லையாம்.

"அந்த ஆளுக்காக எனக்குக் கவலை இல்லை," என்றார். "கேட்பதற்கு ஒரு வாய் இருந்தது. அதை மூடிவிட்டார்கள். எங்கள் பெருநாளையும் எடுத்து அதன்மேல் போட்டு மூடிவிட்டார்கள்."

என் மனைவிக்கு என்னைவிடப் பிரெஞ்சு குறைவு. ஆனாலும் அவளுக்கு விளங்கியது. "மொன் ஃபிரேர் ஓசி," என்றாள். என் அண்ணாவும்தான். அவருக்குத் தெரியும், நான் முன்பு சொல்லியிருக்கிறேன். இருந்தும் இப்போதுதான் கேட்பதுபோலத் தலையசைத்தார். அவருடைய மனைவி எழுந்துபோய்த் தேத்தண்ணி போட்டார்.

கிளம்பும் நேரம் வந்தது. செத்தவீட்டிலிருந்து வரும்போது சொல்லிக்கொண்டு வரக்கூடாது, பேசாமல் இறங்கவேண்டும். பெருநாள் வீட்டிலிருந்து சொல்லாமல் வந்தால் மரியாதைக் கேடு. மனைவியைப் பார்த்தேன். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு படியைப் பார்த்தாள். மனுசன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையில் காத்திருக்காதவர் இப்போது காத்திருந்தார்.

அப்போது அவருடைய மனைவி உள்ளேயிருந்து வந்து என் கையில் நீலத் தட்டை வைத்தார். சூடான சோறு, அதன்மேல் இறைச்சி. ஊரில் அறுக்கவில்லை, இங்கே கடையில் வாங்கியதாம். இனி இந்தத் தட்டு திரும்பி வந்துதானே ஆகவேண்டும்!

"போயிட்டு வாறன்," என்றேன்.

"வாங்கோ," என்றார். சிரிக்கவில்லை. ஆனால் சொன்னார்.

மேலே வந்ததும் மனைவி தட்டை என்னிடமிருந்து வாங்கிக் குசினியில் மூடி வைத்தாள். "முதல்ல முழுகிப்போட்டு வாங்கோ," என்றாள். செத்தவீட்டுக்குப் போய் வந்தால் முழுகவேண்டும். காலையில் ஒரு குளிப்பு, பின்னேரம் ஒரு முழுக்கு. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சுத்தமாக இருந்த நாள் வேறில்லை. அவளும் முழுகினாள். பிறகு தலைமயிர் ஈரத்தோடு இரண்டு பேரும் இருந்து சாப்பிட்டோம். சனிக்கிழமை அவள் மச்சம் மாமிசம் தொடமாட்டாள். அன்றைக்குத் தொட்டாள்.

கடைசியில் தட்டைக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுக்குள்ள என்னத்தை வச்சுத் திருப்பிக் குடுக்கிறது?" என்று கேட்டேன்.

"எதையெண்டாலும் வைப்பம்," என்றாள். "ஆனா நான்தான் கொண்டுபோவன்."