தல்க்காலத்துக்கு ஒரு கம்பு

கேரளத்துப் பூவாரில் ஆறும் கடலும் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் கண்ணாடி துடைப்பது என் வேலை. கடலோரத்தில் இவ்வளவு கண்ணாடி வைத்துக் கட்ட யாருக்குத் தோன்றியதோ, அவரை ஒரு நாள் என்னோடு நிறுத்தித் துடைக்க வைக்க வேண்டும். காலையில் துடைத்த ஜன்னலில் மத்தியானத்துக்குள் உப்பு படிந்து வெள்ளைத் திட்டு விழுந்துவிடும். எங்கள் ஊர் கொல்லயிலில் பஸ் ஏறும்போதே எனக்குத் தோள்வலி தொடங்கிவிடுகிறது. எங்கே போகிறோம் என்று வலிக்கும் தெரிந்துவிட்டது.

எங்களிடம் ஒரு நீட்டுக் கம்பு உண்டு. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடக்கும் அலுமினியக் குழாய்கள். இழுத்தால் மாடி ஜன்னல் வரைக்கும் நீளும். நுனியில் பிரஷையோ ரப்பர் வைப்பரையோ மாட்டிக்கொள்ளலாம். குழாய்கள் சேருகிற இடத்தில் பிளாஸ்டிக் பூட்டு இருக்கும். வேண்டிய நீளத்தில் அதை அமுக்கினால் குழாய் அப்படியே நிற்கும். நிற்க வேண்டும். புதிதில் நின்றது.

இப்போது அதற்கு இரண்டு குணம்தான். உப்பு உள்ளே போய் வெள்ளைப் பொடி பூத்து, எவ்வளவு இழுத்தாலும் வராமல் இறுகிக்கொள்ளும். இல்லையென்றால் பிரஷ் மேலே ஓடிக்கொண்டிருக்கும்போதே பூட்டு வழுக்கி, குழாய் சரசரவென்று உள்ளே இறங்கும். அழுக்குத் தண்ணீர் கை வழியாக வழிந்து அக்குள் வரை வந்து நிற்கும். என் ஜாக்கெட் ஈரமாக இல்லாத மத்தியானம் எனக்கு நினைவில் இல்லை.

அதனால் வேலை ஒழிந்த நேரத்தில் சலவை அறைக்குப் பின்னால் உட்கார்ந்து கம்பைப் பிரித்துப் போடுவேன். நல்ல தண்ணீரில் ஒவ்வொரு குழாயையும் அலசி, கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டு மணலை எடுக்க வேண்டும். நிழலில் காயப்போட வேண்டும். பூட்டின் திருகாணியை முறுக்கும்போது கை அறிந்து முறுக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் பிளாஸ்டிக் விண்டுவிடும். தேய்ந்த இடத்தில் சைக்கிள் டியூபை மெலிதாக வெட்டி உள்ளே வைத்தால் சில நாள் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் வீட்டுக்காரர் அன்பு மிகுந்து குழாய் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருந்தார். எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெயால் தீராத நோய் கிடையாது.

"இனி வழுக்கிட்டு வரும் பாரு," என்றார் பெருமையாக.

வழுக்கிக்கொண்டுதான் வந்தது. மறுநாள் பிரஷ் மேலிருந்து நேராக இறங்கி, கீழே காப்பி குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரரின் மேஜையில் உட்கார்ந்தது.

இத்தனை பாடு எதற்கு என்றால், கம்பு இல்லாவிட்டால் ஏணி வரும். எனக்கு ஏணி ஆகாது. முக்காலியில் ஏறி நின்றாலே தலை சுற்றும். ஏறுவது என்னோடு வேலை பார்க்கும் அக்காதான். பூவார்க்காரி, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். முன்பு ஒருமுறை இங்கேயே ஏணி வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தவள். இன்றும் பஸ் படியில் பக்கவாட்டில்தான் இறங்குவாள். அவள் இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருக்க மாட்டாள். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

புதுக் கம்பு கேட்காமல் இல்லை. சூப்பர்வைசர் சின்னப் பையன், நெய்யாற்றின்கரைக்காரன், கெட்டவன் இல்லை. கேட்கும்போதெல்லாம் நான் பழுதுபார்த்த கம்பை ஒருமுறை நீட்டிப் பார்ப்பான்.

"சேச்சி, தல்க்காலம் இது மதி. நல்லாத்தானே நிக்குது."

மலையாளத்தில் மதி என்றால் போதும், தல்க்காலம் என்றால் இப்போதைக்கு. தமிழில் தற்காலம் என்றால் நாம் வாழ்கிற காலம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததாலோ என்னவோ, எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். குட்டக் குட்டக் குனிகிறவளும் முட்டாள்தான். நான் சரியாக்கச் சரியாக்க, புதுக் கம்புக்கு அவசியமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

போன மழைக்காலம் முடிந்தபோது நடு பூட்டு இரண்டாக விண்டது. அதற்கும் வழி உண்டு. பிளம்பர்கள் ஹோஸில் மாட்டுகிற இரும்பு கிளிப்பைப் போட்டு இறுக்கினால் குழாய் அசையாது. பிறகு அது நீளவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது, வெறும் கம்பாகிவிடும். கிளிப் என் பையிலேயே இருந்தது. ஆனாலும் இந்த முறை தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். உடைந்த கம்பை அப்படியே கொண்டுபோய் சூப்பர்வைசர் மேஜையில் வைத்தேன்.

"இனி ஆவாது தம்பி. புதுசு வேணும்."

அவன் தலையைச் சொறிந்தான். மேலே சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னான். சாயங்காலம் கல்யாணக் கூட்டம் வருகிறது, ஹால் கண்ணாடி முழுக்க உப்பாக இருக்கிறது என்றும் சொன்னான். பிறகு ஸ்டோரில் இருந்து அவனே ஏணியைத் தூக்கிவந்து சுவரில் சாத்தினான்.

வேலை நின்றுவிடுமே என்று அவன் பயந்து கம்பு வாங்குவான் என்று நான் நினைத்திருந்தேன். அக்காவைப் பற்றி நினைக்கவே இல்லை. அவள் ஏணியிடம் வந்தாள். துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டினாள். நல்ல காலை முதல் படியில் வைத்து, மற்ற காலைக் கையால் தூக்கிப் பக்கத்தில் சேர்த்தாள்.

"கீழ நல்லா பிடிச்சுக்க மக்கா. எனக்குப் பேடி, பயம் ஒண்ணும் இல்ல."

இரண்டாவது படியிலும் அப்படியே செய்தாள். ஏணியைப் பிடித்திருந்த என் கைக்குள் அவளுடைய நடுக்கம் வந்து சேர்ந்தது.

"எறங்குங்க அக்கா."

"ஏன்?"

"எறங்குங்கன்னு சொல்லுதேன்ல."

ஆபீசுக்குப் போய், மேஜையில் கிடந்த கம்பை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தேன். கிளிப்பை மாட்டி, சமையலறைக் கத்தியின் முனையால் திருகாணியை முறுக்கினேன். கத்தி பலமுறை வழுக்கியது. சூப்பர்வைசர் ஏணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகும்போது சிரித்தான்.

"சேச்சி நினைச்சா நடக்காத காரியம் உண்டா? தல்க்காலம் இது மதி."

சாயங்காலத்துக்குள் ஹால் முழுக்கத் துடைத்துவிட்டோம். சுருங்காத கம்பைக் கதவு வழியாக நுழைக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. கல்யாணக் கூட்டத்தில் ஒரு குழந்தை கண்ணாடி இருப்பதே தெரியாமல் ஓடிவந்து மூக்கை முட்டிக்கொண்டது. அவ்வளவு சுத்தம்.

பஸ் நிறுத்தத்துக்கு அக்காவும் நானும் சேர்ந்தே நடந்தோம். பாலத்துக்கு வந்ததும் அவள் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"நீ அத சரியாக்காம விட்டிருக்கணும் மக்கா."

"நீங்க விழுந்திருப்பீங்க அக்கா."

"ஆமா. விழுந்திருந்தா புதுசு வந்திருக்கும்," என்றாள். "இந்தக் கம்பே நான் விழுந்த பொறவுதானே வந்துது."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கையில் இருந்த பையையும் வாங்கிக்கொண்டு, அவளுடைய நடைக்குச் சரியாக மெல்ல நடந்தேன்.