பஞ்சர் தொட்டி விரால்

வேப்பந்தட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்த வீரமுத்து, பஞ்சர் பார்க்கும் இரும்புத் தொட்டியில் ஒரு விரால் மீனை வளர்த்தார். 1981 கோடையில் அது ஒன்பது நாள் எதுவும் தின்னவில்லை. மண்புழுவைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊரே வைத்தியம் சொன்னது. சொன்னவர்களை அவர் பாரபட்சமின்றித் திட்டினார்.

"சாவறதுக்குள்ள கொழம்பு வச்சிடுங்கண்ணே" என்றான் கடைப் பையன் செல்லக்கண்ணு, சாணி அப்பிய டியூபைத் தொட்டியில் முக்கிக்கொண்டே. தண்ணீர் கலங்கியது. நோய் எதுவென்று வீரமுத்துவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"எந்திரிடா. ஒன் வூட்டுச் சோத்துல நான் டியூபை முக்கவா?"

தொட்டியைக் கழுவி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, நிழலில் வைத்தார். மூன்றாம் நாள் விரால் புழுவைக் கவ்வியது. அதன்பின் அந்தக் கடையில் எச்சில் தடவித்தான் பஞ்சர் பார்த்தார்கள். காரணம் கேட்டவர்களைத் திட்டியே அவர் வாய் வறண்டுபோனதால், எச்சிலையும் வாடிக்கையாளரே தர வேண்டியிருந்தது.