தாளில் மாட்டிய நண்டு

முதல் முறை நான் அச்சடித்த கட்டங்களைப் பார்த்துவிட்டு, சென்னையில் ஓவியக் கண்காட்சி நடத்தும் ஓர் அம்மா உதட்டைப் பிதுக்கினார். "கோடெல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா தாள் தட்டையாவே கிடக்கே, கண்ணு ஏமாறலையேம்மா!" வெறும் கறுப்புக் கட்டங்களை வைத்தே தாளின் நடுவில் ஏதோ புடைத்திருப்பதுபோல் காட்ட வேண்டும், அதுதான் என் படம். சனிக்கிழமை வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னார். அப்போதும் புடைக்காவிட்டால் கண்காட்சியில் எனக்கு இடமில்லை.

மீஞ்சூரில் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பிழைக்கிறவள் நான். எனக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் கோட்டைக்குப்பம் திரும்பினால், வாசலில் அண்ணன் நண்டு வலையை மூங்கிலில் விரித்துப் போட்டிருந்தான். எடுக்காமல் விட்ட நண்டு ஒன்று நடுவில் தொங்கியது. அது இருந்த இடத்தில் வலைக்கண்கள் அகன்று கிடந்தன. சுற்றி இருந்தவை நசுங்கி நெருங்கிக் கிடந்தன. அட மக்கு, இதைத் தினமும் பார்க்கிறாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அன்றே புதிதாக வரைந்தேன். நடுக்கட்டங்கள் பெரிது, ஓரம் போகப்போக ஒடுக்கம். வெள்ளிக்கிழமை லீவு போட்டு, வீட்டிலேயே, துணி இழுத்துக் கட்டிய ஸ்கிரீன் சட்டத்தில் மை இழுத்து இருபது தாள் அடித்தேன். இருபதோடு சரி, பிறகு ஸ்கிரீனைக் கழுவிவிட வேண்டும், மேற்கொண்டு ஒன்றுகூட அடிக்கக் கூடாது, கண்காட்சிக்குப் போகும் அச்சுப் படத்துக்கு அதுதான் விதி. கழுவினேன். தாள்களைக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துப்போயிருந்தது. புடைக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

ஏரியிலிருந்து வந்த அண்ணன் நேரே கொடியிடம் போனான். ஒரு தாளின் பின்பக்கம் உள்ளங்கையைக் கொடுத்து, முன்பக்கம் கட்டைவிரலால் நெம்பினான். வலையில் சிக்கிய நண்டை எங்களூரில் அப்படித்தான் எடுப்பார்கள். ஈர மை இழுபட்டது.

"ஐயோ, நாசமாப் போச்சே! உனக்குக் கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"

"கத்தாதமே. நண்டு மாட்டிக்கினு கீதுன்னு நெனச்சிட்டேன்." கறுப்பான விரலையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னாடா இது, பின்னால ஒண்ணுமே இல்லியே!"

மேலும் திட்ட வாய் திறந்தவள் சிரித்துவிட்டேன். பிறந்ததிலிருந்து வலையோடு கிடக்கிறவன் கண்ணே ஏமாந்துவிட்டது! சந்தோஷத்தில் அழுகையும் வந்தது. மை காய்ந்ததும், மிச்சமிருந்த பத்தொன்பதின் கீழும் பென்சிலால் மொத்தம் பத்தொன்பதில் இது எத்தனையாவது என்று தெரிய 1/19, 2/19 என எண் போட்டுக் கையெழுத்திட்டேன்.

மறுநாள் காலை அந்த அம்மா வந்தார். இரண்டடி பின்னால் போனார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார், மறுபடி கிட்டே வந்தார். அவர் கை மெல்ல எழுந்து தாளின் நடுவை நோக்கிப் போனது.

வாசலில் வலை உதறிக்கொண்டிருந்த அண்ணன் குரல் கொடுத்தான்: "பாத்துமா, கடிச்சிடப் போவுது!"