ஊமைப்படம் பார்த்தவர்

கும்மிடிப்பூண்டியில் வேலை முடிந்து மின்சார ரயிலில் என்னோடு வருபவர் அவர். காக்கிச் சட்டை, நரைத்த மீசை. ஒரு மாலை கைப்பேசியில் பழைய ஊமைப்படம் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்து வீட்டுக்காரனோடு கொஞ்சுகையில் கணவன் வந்துவிட, காதலன் அலமாரிக்குள் பாய்ந்தான். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“புருஷங்காரன் சொல்லாம வந்துட்டான் சார். அதான் இவன் பண்ண தப்பு.”

மீஞ்சூரில் வழக்கம்போல் மனைவிக்குப் போன் செய்தார்: “வந்துக்கினு இருக்கேன்.”

“தினமும் எதுக்குச் சொல்றீங்க?” என்றேன்.

“எனக்குப் பகல் ஷிஃப்ட், பக்கத்து ஊட்டுக்காரனுக்கு நைட்டு. ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க சார். கண்ணால பாத்துட்டா அப்புறம் ஒரே ஊட்ல எப்படி இருக்கிறது?”

அத்திப்பட்டில் இறங்கியவர், வீட்டுக்குப் போகாமல் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். அவரைக் கோழை என்று எழுத எனக்கு இன்றுவரை கை வரவில்லை.