ஜூலியின் காதும் ரோலர் ஆயிலும்

நாய்க்குக் காதில் கோளாறு என்றால், கால்நடை மருத்துவரான எனக்குத்தான் அது கடைசியில் தெரியும். அதற்குள் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், மெடிக்கல் கடைக்காரர் எல்லோரும் வைத்தியம் பார்த்து முடித்திருப்பார்கள். நெய்வேலியில் கிளினிக் வைத்து நான் படும் பாட்டில், நாய் வளர்க்கும் உங்களுக்கும் பங்கு உண்டு. கேளுங்கள்.

தலையாட்டம்

பக்கத்து ஊர் வடக்குத்து செல்வம் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பராமரிக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி. வீடு ஊர்க்கோடியில், ரோட்டோரம். அவர் ஷிப்டுக்குப் போய்விட்டால் மனைவிக்கும் கைக்குழந்தைக்கும் அவர்கள் நாய் ஜூலிதான் காவல். அந்த ஜூலி ஓயாமல் தலையை உதறிக்கொண்டு வந்தது. இடது காது மடலைத் தூக்கினால் உள்ளே ஒரே சிவப்பு, காப்பிப்பொடி நிறத்தில் அழுக்கு, புளித்த மாவு வாடை. சுத்தம் செய்து சொட்டு மருந்து கொடுத்தேன். நாற்றம் போனாலும் நான் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள் என்றும் படித்துப் படித்துச் சொன்னேன். செல்வம் சிரித்தார்.

"மைன்ஸ்ல வெடி வெச்சா எங்க வூட்டு ஓடே ஆடுது சார், இதுக்குத் தல ஆடாதா?"

பராமரிப்பு

நாற்றம் போனது, மருந்தும் நின்றது. கோளாறு சீழோடு திரும்பி வந்தபோது செல்வம் என்னிடம் வரவில்லை. வேலையிடத்தில் மீந்த கறுப்பு ஆயிலைக் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறார், நல்லாயிருந்த வலது காதிலும் சேர்த்து! பிறகு தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சவ்வு போய்விட்டது. வாரக்கணக்கில் மருந்து கொடுத்துச் சீழை நிறுத்தினேன், கேட்கும் சக்தியை மீட்க முடியவில்லை. பின்னால் நின்று தட்டைத் தட்டினேன். ஜூலி திரும்பவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திவிட்டேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"கிறீச்சுனு கத்தற பெல்ட் ரோலரே ஆயில் வுட்டா அடங்கிடுது சார், இத்தினியூண்டு காது அடங்காதா?"

ரோட்டோரம்

அப்புறம் ஒருநாள் கடைத்தெருவில் செல்வத்தின் மனைவியைப் பார்த்தேன், இடுப்பில் குழந்தையோடு. ஜூலி எப்படி என்றேன். போய்விட்டதாம். வாசலுக்கு எதிரே ரோட்டில் நின்றிருந்ததாம், பின்னால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரி வந்ததாம். வாயில் வந்தபடியெல்லாம் டிரைவரைத் திட்டினேன். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் தடுத்தார்.

"அவன ஒண்ணும் சொல்லாதீங்க சார், ஆரன் அடிச்சிகினேதான் வந்தான்."

இப்போதெல்லாம் நாய் தலையை உதறிக்கொண்டு வந்தால், அதன் காதைத் தொடுவதற்கு முன்னால் கூட்டிவந்தவரின் கையை முகர்ந்து பார்க்கிறேன்.