உப்பில்லாத அப்பம்

இன்று எகிப்தின் மல்லாவி ஊரில் ரிஸ்கல்லாவைத் தெரியாதவர் கிடையாது. வந்த புதிதில், மூன்று வருடம், அவரைத் தெரிந்தவர்தான் கிடையாது. கெய்ரோவில் முப்பது வருடம் ரொட்டி அடுப்போடு மல்லுக்கட்டிவிட்டுப் பிழைப்புக்காக இங்கே கடைத்தெரு ரொட்டிக் கடைக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசித் தூணோரம் நிற்பார். பூசை முடிந்ததும் மனைவி இன்ஸாஃபைக் கூட்டிக்கொண்டு நழுவிவிடுவார். நழுவுகிறவனை ஓடிப் பிடிக்க எங்கள் ஊரில் யாருக்குப் பொழுதிருக்கிறது?

இன்ஸாஃபுக்கு மூட்டுவலி வந்து இரண்டு வாரம் இருவரும் வரவில்லை. எங்கள் பாதிரியார் அபூனா மக்கார் விசாரித்துக்கொண்டு நான்கு மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டினார்.

"அந்தத் தூண் தனியா நிக்குதுய்யா, பாக்க சகிக்கல" என்றார், மூச்சிரைக்க.

தேநீர் குடிக்கும்போது தொழிலைக் கேட்டார். ரொட்டி சுடுகிறவர் என்று தெரிந்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். கோயிலுக்கு அப்பம் சுடுகிறவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்த சமயம் அது.

கோயிலின் பின்கட்டில் பூசை அப்பம் சுடும் அறைக்குப் பெத்லகேம் என்று பெயர். வெறும் வயிற்றோடு, வாய் வேதாகமத்துச் சங்கீதங்களைச் சொல்ல, கை மாவு பிசைய வேண்டும். மாவு, தண்ணீர், புளித்த மாவு, அவ்வளவுதான். எண்ணெயும் ஆகாது, உப்பும் ஆகாது.

"கடைத்தெரு ரொட்டிக்காரன் கையில பெத்லகேமா? எள்ளு தூவி எடுத்துட்டு வருவான், பாருங்க" என்றார் லபீப். தபால் அலுவலகத்தில் ஓய்வு பெற்ற கையோடு கோயில் காரியம் எல்லாவற்றுக்கும் தன்னைத்தானே நியமித்துக்கொண்ட மனிதர்.

அபூனா அதைக் காதில் வாங்காமல் வேலையை ரிஸ்கல்லாவிடம் கொடுத்தார். வாரத்துக்கு வாரம் அப்பங்கள் ஒரு கீறல் இல்லாமல் வந்தன. லபீபாலும் குறை சொல்ல முடியவில்லை. தெருவில் "ரிஸ்கல்லா அண்ணே" என்று கூப்பிட ஆட்கள் வந்தார்கள்.

"இன்ஸாஃப், இன்னிக்கு வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஏழு பேரு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க!"

"எண்ணிக்கிட்டா வந்தீங்க?" என்றாள் அவள். அவளுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான்.

நான்காவது மாதம் ஒரு ஞாயிறு, கோயில் மேலங்கி ஈரமாக இருந்ததால் கடை மேலங்கியோடேயே மாவில் கை வைத்தார். ரொட்டி மாவில் தூவ அதன் பையில் எப்போதும் உப்பு கிடக்கும். அப்பம் வெந்து, கூடை பலிபீடத்துக்குப் போன பிறகு பையைத் தொட்டுப் பார்த்தார். காலி. முப்பது வருடப் பழக்கத்தில் கை தன் வேலையைப் பார்த்துவிட்டது.

சும்மா இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? நாக்கில் கொஞ்சம் கரித்தாலும் நற்கருணை அப்பத்தைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. சொன்னாலோ லபீப் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. மறுபடியும் அந்தத் தூணோரம்தான். அந்த ஏழு பேரும் போய்விடுவார்கள்.

ஆனாலும் பலிபீடத்துக்குப் போனார். அபூனா கூடையிலிருந்து பூசைக்கு ஒரு அப்பத்தைத் தேர்ந்தெடுக்கக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"அபூனா, தொடாதீங்க. உப்பு போட்டுட்டேன்."

அபூனா கூடையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "மறுபடி சுட எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டரை மணி நேரம். வேற யாரையாவது கூப்பிட்டு..."

"வேற யாரு இருக்கா? போய்ப் பிசைங்க." பிறகு ஜனங்களிடம், "அப்பம் இன்னும் ஆகல. காத்திருப்போம், பாடுங்க" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். ரிஸ்கல்லா திரும்பி நின்று, "தப்பு என்னோடதுங்க" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டுத்தான் போனார். நான்கு பேர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மற்ற அத்தனை பேரும் நற்கருணைக்காக எதுவும் சாப்பிடாமல் வந்த பசியோடு நின்று பாடினார்கள்.

பெத்லகேமில் கை பிசைந்தது. வாயில் சங்கீதம் வரவில்லை. சொல்லாமல் பிசையவும் கூடாது. வாசலில் நிழல் தட்டியது. லபீப்! திட்டித் தீர்க்க வந்துவிட்டார் என்று நினைத்தார் ரிஸ்கல்லா.

லபீப் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தார். "கை உங்களோடது, வாய் என்னோடது. ஆகட்டும்."

முதல் சங்கீதத்திலிருந்து நிறுத்தாமல் சொன்னார். ரிஸ்கல்லாவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. லபீப் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அழுங்க, வேண்டாங்கல. கொஞ்சம் தள்ளி நின்னு அழுங்க. அதுலயும் உப்புதான் இருக்கு."

அன்று பூசை முடிந்ததும் உப்பு போட்ட அப்பத்தில் இரண்டை அவித்த மொச்சையோடு சேர்த்துச் சாப்பிட எடுத்துப் போனவரும் லபீப்தான். "ஆயுசு முழுக்கச் சுட்டுப் போட்டாலும் அந்த ரெண்டரை மணி நேரக் கடன் தீராது" என்று ரிஸ்கல்லா இன்றும் மனைவியிடம் சொல்வார்.

பதினோரு வருடமாகிறது. ஞாயிறுதோறும் பெத்லகேம் வாசலில் நின்று அவர் பைகளைத் துழாவிவிட்டுத்தான் லபீப் உள்ளே விட்டுவந்தார். போன வருடம் லபீப் படுத்த படுக்கையானார். இப்போது ரிஸ்கல்லா லபீப் வீட்டு வழியாக இரண்டு தெரு சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகிறார். கட்டிலருகே நின்று இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டுவார். லபீப் படுத்தபடியே தடவிப் பார்ப்பார்.

"சரி, போங்க. ஜனம் காத்திருக்கு."