முதலை என்று வந்த ஓங்கில்

அந்தப் பங்குனியில் நடந்தவை இவை:

1. பழனி அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருந்தவர், ஒரு மண்டையோட்டை வைக்கோலில் சுற்றி, கொடைக்கானலில் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துக் காட்சி அறைக்குக் கொண்டுவந்தார்.
2. அறைக்குப் பொறுப்பான துரை அதைப் பார்த்து "முதலை" என்று சீட்டு எழுதினார்.
3. விலங்கியல் படித்துவிட்டு அவரிடம் உதவியாளராகச் சேர்ந்திருந்த நான், முதலை இல்லை என்றேன்.
4. துரை கோபப்படவில்லை. சனிக்கிழமைக்குள் நிரூபித்தால் விலங்குகள் பட்டியல் முழுவதும் என் பொறுப்பு, இல்லாவிட்டால் பழைய சீட்டுகளைப் படியெடுப்பது மட்டுமே என் வேலை என்றார்.

துரையை முழுக்கக் குறை சொல்ல முடியாது. நீண்ட மூக்கு, பல் உதிர்ந்த குழிகள் வரிசையாக. கொண்டுவந்தவரும் அதற்கேற்பவே பேசினார்.

"கங்கையம்மா ஏறி வர்ற மகரமுங்க இது. கோயில் தோரணத்துல வாயப் பொளந்துக்கிட்டு இருக்குமே, அதேதான்."

"உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"

"கடற்கரை ஆளுக மச்சக்காவடியோட வந்தாங்க. கரையில செத்து ஒதுங்குனதாம். முருகன் காலடியில கெடக்கட்டும்னு குடுத்துட்டுப் போனாங்க. கடைக்கு வர்ற புள்ளைக பயப்படுதுங்க."

கடற்கரை என்றதும் கடைவீதிக் கருவாட்டுக் கடை பாய் நினைவுக்கு வந்தார். ராமநாதபுரம் கரையில் பிறந்தவர். மண்டையோட்டைக் கூடையில் கொண்டுபோய், எடையும் பார்த்துவிடலாமென்று அவர் தராசுத் தட்டில் வைத்தேன்.

அதில் கட்டியிருந்த துரையின் சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். "கப்பல்ல வந்த துரைதானே? வழி பூராத் தூங்கிட்டாரா? இது ஓங்கிலும்மா."

டால்பினை அவர்கள் கரையில் ஓங்கில் என்பார்கள். பிறகு அவர் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் அதைத் தூக்கிக் கூடையில் திரும்ப வைத்தார். "வலையில மாட்டுனா, எங்க ஊர்ல வலையவே அறுத்து விட்ருவாங்க. மீனக் கரைப்பக்கம் வெரட்டிக் குடுக்குற கூட்டாளி. அதத் தராசுல வைக்கிறதில்ல."

பாயின் சொல்லை மட்டும் வைத்துத் துரையிடம் போக முடியாது. குண்டூசியால் குழிகளை எண்ணினேன். மேல்தாடையில் ஒரு பக்கம் ஐம்பத்திரண்டு. புட்டிமூக்கு ஓங்கிலுக்கு இதில் பாதிதான் இருக்கும். கூன்முதுகு ஓங்கிலுக்கு நாற்பதை எட்டாது. அண்ணத்தில் ஆழமான பள்ளங்கள் இல்லாததால் சாதாரண ஓங்கிலும் கழிந்தது. எஞ்சியது, நீரிலிருந்து எழும்பிச் சுழலும் ஓங்கில்.

சனிக்கிழமை காலை மண்டையோட்டைத் துரையின் மேசையில் வைத்து, "மூக்குத் துளை எங்கே?" என்று கேட்டேன்.

மூக்கின் நுனியைத் தடவினார். முதலைக்கு அங்கேதான் இருக்கும். இதில் வெறும் எலும்பு. என் பின்னல் ஊசியை எடுத்து, நெற்றிக்கு முன்னால் இருந்த துளையில் நேர்கீழாக விட்டேன். அண்ணத்துக்குப் பின்னால் வெளிவந்தது. தலையுச்சியால் மூச்சுவிடும் பிராணி.

துரை ஊசியை வாங்கித் தாமே ஒருமுறை விட்டுப் பார்த்தார். தம் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடலில் விழுந்த பாடகனை ஓங்கில் முதுகில் சுமந்து கரைசேர்த்த கிரேக்கக் கதையைச் சொல்லி, "அதையும் சீட்டில் சேர்த்துக்கொள்" என்றார்.

"மகரத்தை?"

"உன் பட்டியல். நீயே முடிவு செய்."

ஓங்கில் இப்போது இரண்டாம் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. சீட்டில் ஐந்து வரிகள்: இனம், குழிகளின் எண்ணிக்கை, பழனியில் சொன்ன மகரம், கிரேக்கர் கதை, அறுத்து விடப்படும் வலை. எடைக்கான இடம் காலியாக இருக்கிறது. விலங்குகள் பட்டியல் என் கையெழுத்தில் நடக்கிறது.